நானூறாம் நம்பர் தாள்

அன்பு மகளுக்கு,

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் அம்மா போனபிறகு இந்த ஒரு வருடமும் அவளுடைய அரிவாள்மனையை யாரும் தொடவில்லை. உப்புக்காற்றில் துரு ஏறிவிட்டது. உனக்கு அனுப்பலாம் என்று எடுத்தேன். கத்திக் கடைக்காரன் துருவோடு அனுப்பலாமா? எண்பதாம் நம்பர் உப்புத்தாளில் அழுத்தித் தேய்த்து, நூற்றிருபது, இருநூற்றிருபது என்று போனேன். நானூற்றில் பளபளப்பு வந்தபோதுதான் இரும்பில் புள்ளி குத்திய எழுத்து தெரிந்தது. உன் பெயர். முதலெழுத்தும் அடுத்ததில் பாதியும்தான் மிச்சம். மற்றதை முரட்டுத்தாள் தின்றுவிட்டது.

என் பேச்சை மீறி நீ செய்துகொண்ட கல்யாணத்தன்று உன் அம்மா, "பிள்ளைக்கு ஒரு பாத்திரமாவது குடுத்து விடுதேன்" என்றாள்.

"ஏளா, இங்கயிருந்து ஒரு கரண்டி போகக் கூடாது" என்றேன்.

அப்புறம் அவள் கேட்கவே இல்லை. தன்னுடைய அரிவாள்மனையிலேயே உன் பெயரை வெட்டி வைத்திருக்கிறாள். அவள் போகும்வரை நாலு வருடம் அதில் நறுக்கிய மீனைத்தான் தின்றேன். ஒரு நாளும் அடுப்படிக்குள் எட்டிப் பார்த்ததில்லை.

பெயர் வெட்டுகிறவரிடம் கொடுத்தால் முழுதாக வெட்டித் தருவார். அது அவள் வெட்டக் கொடுத்ததாகாது. ஆயிரம் நம்பர் தாளைப் பிரிக்கவே இல்லை. இனிமேல் தேய்த்தால் இருப்பதும் போய்விடும். அப்படியே அனுப்புகிறேன்.

கூர் நன்றாக இருக்கிறது. கை பத்திரம்.

அப்பா