இரண்டும் எனக்கு ஒரே நிறம்

மார்ச் 3, செவ்வாய்

வார்டு மேசையில் புதிய திரை வைத்துவிட்டார்கள். இதுவரை பலகையில் ‘கழுவியாச்சு’, ‘கழுவணும்’ என்று எழுதியிருக்கும். படித்துவிட்டு நோயாளியை அறைக்கு அனுப்புவேன். இனி எழுத்து கிடையாது, வெறும் கட்டங்கள். கழுவிய அறைக்குப் பச்சை. தொற்று நோயாளி இருந்துவிட்டுப் போன அறைக்குச் சிவப்பு. எனக்கு இரண்டும் ஒரே சருகு நிறம். பிறவியிலேயே இப்படித்தான். மனைவிக்கு மட்டும் தெரியும். இங்கே சொன்னால் மேசையை விட்டு எழுப்பிவிடுவார்களோ?

மார்ச் 5

கழுவி முடித்ததும் கட்டத்தின் நிறத்தை மாற்றுவது துப்புரவு அக்காதான். அவரிடம் பேச்சுக் கொடுத்தே ஒவ்வொரு அறையின் நிலையையும் தெரிந்துகொள்கிறேன். எத்தனை நாளைக்கு?

மார்ச் 9, திங்கள்

அக்கா சாப்பிடப் போயிருந்தார். அறுவை சிகிச்சை முடிந்த ஒரு பெண்ணை, குத்துமதிப்பாக, ஏழாம் அறைக்கு அனுப்பினேன். ஸ்ட்ரெச்சர் வாசலைத் தொடும்போது அக்கா ஓடி வந்து மறித்தார். “உள்ள போகாதீங்க! இன்னும் கழுவல!”

தலைமை நர்ஸ் அக்கா மீதுதான் பாய்ந்தார். “கழுவாமலே பச்சைன்னு மாத்தி வச்சியா?” பிறகு, திரையைப் பார்க்காமலே என்னிடம், “திரையில பச்சைதானே இருந்துச்சு?”

தலையாட்டினேன். ஆட்டித் தொலைத்தேன்.

மார்ச் 10

அக்காவை ஒரு வாரம் வேலைக்கு வர வேண்டாம் என்று கடிதம் கொடுத்திருக்கிறார்கள். ஓடி வந்து காப்பாற்றியவருக்கு! கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடக்கிறேன் — உட்கார்ந்தால் அந்த வாசல்தான் கண்ணுக்குள் நிற்கிறது.

“உங்க கண்ணு மேல தப்பே இல்ல. வாயி மேலதான்,” என்றாள் மனைவி. சுருக்கென்றது.

மார்ச் 11

சொல்லிவிட்டேன். தலைமை நர்ஸ் இரண்டு பேனாக்களை நீட்டினார். “இதுல எது சிவப்பு?”

“தெரியல மேடம்.”

சிரிக்கப் போனவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அக்காவுக்குக் கொடுத்த கடிதம் ரத்து. எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம். வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்ய?

மார்ச் 13

கணினி ஆள் வந்து கட்டங்களுக்குள் எழுத்துப் போட்டுக் கொடுத்தார். பத்து நிமிட வேலை. இதைக் கேட்க வாய் வராமலா இத்தனையும்!

மார்ச் 24

அக்கா மேசைக்கு வந்தார். பதினைந்து நாளாக என் முகம் பார்த்துப் பேசியதில்லை. இன்றும் திரையைத்தான் பார்த்தார்.

“எழுத்தக் கொஞ்சம் பெருசாப் போடச் சொல்லு தம்பி. கண்ணாடி இல்லாம எனக்கு ஒண்ணும் தெரியல. இத்தன நாளா யார்கிட்டயும் சொல்லல.”

கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டுப் போனை எடுத்தேன்.