பதிவேட்டில் ஏறிய மனு

என் தங்க மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்ற நினைப்போடுதான் எழுத உட்கார்ந்தேன். இங்கே நாங்கள் நலம், உன் அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. போன வாரம் போனில் நான் பாதி சொல்வதற்குள் "இந்த வயசுல கோர்ட்டு எதுக்கும்மா"ன்னு பதறினாயே, முழுசாகக் கேள்.

ஆஸ்பத்திரி வாசலில் இருந்த பஸ் நிறுத்தத்தைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் மாற்றியதிலிருந்து, நான் முப்பது வருஷம் நர்ஸாக இருந்த பிரசவ வார்டுக்கு நிறைமாதப் பெண்கள் நடந்தே வருகிறார்கள். ஒருத்திக்குப் பாலத்தின் மேலேயே வலி எடுத்துவிட்டது, நல்லவேளை தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அன்றைக்கே கையெழுத்து வாங்கக் கிளம்பினேன், அறுநூற்றுப் பதினொன்று சேர்ந்தது. நகரசபை கைவிரித்ததும் சட்டசபைக்கே மனு போட்டேன். அங்கே மனுப் பிரிவு அதிகாரி வாங்கிக்கொண்டு ரசீதும் கொடுத்தார், அதோடு எட்டு மாதம் சத்தமே இல்லை. போய்க் கேட்டால் "அப்படி எதுவும் வரலையே"ன்னு சாதித்தார். ரசீதைக் காட்டியதும் "வந்திருக்கும், ஆனா சபைக்கு அனுப்புற அளவுக்கு விஷயம் இல்லைன்னு நான்தான் எடுத்து வெச்சேன்" என்றார். எனக்கு வந்ததே கோபம்! உன் சித்தி மகள் வக்கீலாயிற்றே, சபை விதியைப் புரட்டிப் பார்த்து, முறையாக வந்த மனுவைப் பதிந்து சபையின் மனுக் குழுவுக்கு அனுப்புவது மட்டும்தான் அவர் வேலை, நல்லதா கெட்டதா என்று பார்ப்பது அவர் வேலையே இல்லை என்றாள். அவர் பெயரிலேயே வழக்குப் போட்டோம்.

அவருடைய வக்கீல் எழுந்து, சபை நடவடிக்கையைக் கோர்ட்டு கேட்கவே கூடாது என்று அரைமணி நேரம் முழங்கினார். எங்களுக்காக வாதாடிய உன் சித்தி மகளுக்கே முகம் வாடிவிட்டது. நீதிபதி அம்மா என்னைப் பார்த்து, நீங்கள் ஏதாவது சொல்ல வேண்டுமா என்றார். நான் எழுந்து, "அம்மா, சபைக்குள்ள யார் என்ன பேசணும்னு நான் கேக்கல. என் காகிதம் உள்ளயே போகலையே. கதவுக்கு வெளியில அதை யார் தடுத்தாங்கன்னுதான் கேக்குறேன்" என்றேன். அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பத்து நாளில் தீர்ப்பு வந்தது: சபை எடுக்கும் முடிவில் கோர்ட்டு தலையிடாது, ஆனால் மனுவைச் சேர்ப்பிக்கும் கடமையில் தவறிய அதிகாரி அதற்குக் குடிமக்களிடம் சொந்தப் பொறுப்பில் பதில் சொல்ல வேண்டும், அவர் பெயரிலேயே மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும், மனு இந்தக் கூட்டத்தொடரிலேயே சபைக்குப் போக வேண்டும் என்று. கடிதத்தை அவரே கொண்டுவந்தார். பாவம், வெயிலில் வேர்த்துக் கொட்டியது, தண்ணீர் கொடுத்தேன். "எத்தனையோ மனு இப்படி எடுத்து வெச்சிருக்கேம்மா, இப்ப எல்லாத்தையும் பதிஞ்சுகிட்டு இருக்கேன்" என்றார். உன் அப்பா சிரிப்பை அடக்க அடுக்களைக்குள் ஓடிவிட்டார்.

நேற்று சட்டசபைப் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து, நம் மனு வாசிக்கப்பட்டதைக் கேட்டோம். ஒரு நிமிஷம்கூட இருக்காது. உன் அப்பா கைதட்டிவிட்டார், காவலர் வந்து வெளியே கூட்டிப்போனார்! நிறுத்தம் திரும்பி வருமா என்று தெரியாது கண்ணு. மறுத்தாலும் இனி அவர்கள் எங்கள் அறுநூற்றுப் பதினொரு பேரின் முகத்தைப் பார்த்து, காரணத்தை எழுதி வைத்துத்தான் மறுக்க வேண்டும்.

மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும். கண் டாக்டரிடம் போவதை இனியும் தள்ளிப்போடாதே.

முத்தங்களுடன்,
உன் வழக்காடும் அம்மா