பூஜ்யம் தரும் கட்டளை

அன்புள்ள சின்னவனுக்கு,

அக்கா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீ நலமா என்று கேட்டு அனுப்பிய மூன்று கடிதங்களுக்கும் பதில் இல்லை. போன வாரம் உன் வீட்டுக்காரரைத் தொலைபேசியில் பிடித்தேன். கதவடியில் தள்ளிவிட்டால் மறுநாள் கடிதம் அங்கே இருப்பதில்லை என்றார். எடுத்துக்கொள்கிறாய் என்ற அந்த ஒரு தைரியத்தில்தான் நான்காவதை எழுதுகிறேன்.

அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்ததும் முதலில் உன் அறையைத்தான் எட்டிப் பார்த்தாள். உனக்கு வேலை அதிகம், பேச நேரமில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். நம்புகிறாளா தெரியவில்லை. மறுபடி கேட்பதில்லை.

நம் கணினி மொழி வளர்கிறது. சமையலறை மேசையில் நாம் இருவரும் அடித்துக்கொண்டு உண்டாக்கிய மொழியில் எங்கெங்கோ இருப்பவர்கள் நிரல் எழுதுகிறார்கள். வரி முடிவில் புள்ளி வைப்பதா வேண்டாமா என்று மூன்று வாரம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தோமே, புதிதாக வருகிறவர்கள் புள்ளி இல்லாததைத்தான் முதலில் பாராட்டுகிறார்கள். எனக்கு இன்னும் எரிச்சல்தான். மொழியோடு சேர்த்துக் கொடுக்கும் நிரல் நூலகத்தில் தேதிகளுக்கான பகுதியை முடித்துவிட்டேன். நீ பாதியில் விட்டுப் போனதை மட்டும் தொடவில்லை.

இனி ‘எண்ணாக்கு’ பற்றி. நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் நீ தனியாக உட்கார்ந்து உனக்கே சொல்லிக்கொள்கிற கதை வேறாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. அதனால் நடந்தபடியே எழுதுகிறேன்.

எழுத்தாக வருவதை எண்ணாக மாற்றித் தரும் சின்னக் கட்டளை அது. எண்ணே இல்லாத ஒன்றைக் கொடுத்தால் நிரல் அங்கேயே நின்று, பிழை என்று சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. நீ கேட்கவில்லை. “முதல் நாளே திட்டு வாங்கினா யாரு அக்கா திரும்பி வருவாங்க? பூஜ்யம்னு குடுத்துட்டுப் போகட்டும்” என்றாய். அப்படியே வைத்தோம்.

அந்த ஆய்வகப் பெண் நம் மொழியைத் தானாகவே கற்றுக்கொண்டவள். சிறுநீரக நோயாளிகளின் இரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு என்று இயந்திரம் சொல்வதை வாங்கி, அதிகம் உள்ளவர் முதலில் வருமாறு மருத்துவருக்குப் பட்டியல் போடும் நிரல் ஒன்றை எழுதினாள். ஒன்றரை வருடம் ஒழுங்காக ஓடியது. ஒரு நாள், ஓர் ஓவிய ஆசிரியையின் அளவு இயந்திரம் அளக்கக்கூடிய எல்லையைத் தாண்டிவிட்டது. எண்ணுக்குப் பதில் ‘எல்லைக்கு மேல்’ என்று எழுதி அனுப்பியது இயந்திரம். நம் கட்டளை அதைப் பூஜ்யமாக்கியது. பட்டியலில் முதலில் இருக்க வேண்டியவர் கடைசிக்குப் போனார். காத்திருந்த நாற்காலியிலேயே இதயம் நின்றுவிட்டது.

அந்தப் பெண் நம்மைத் திட்டி எழுதியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். “உங்க கையேட்டுல பூஜ்யம் வரும்னு தெளிவா போட்டிருக்கு. படிச்சும் எனக்கு உறைக்கல, என் தப்புதான். ஆனா முடிஞ்சா அதை மாத்திடுங்க” என்றுதான் எழுதியிருந்தாள். நீ அதை இரண்டு முறை படித்தாய். மடித்து மேசைமேல் வைத்தாய். அடுத்த வாரம் பெட்டியுடன் கிளம்பிவிட்டாய். நிலையம் வரை கூட வந்தும் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மாற்றுவது பெரிய வேலை இல்லை. எழுதி வைத்துவிட்டேன், பத்து வரிகூட வராது. ஆனால் அறிவித்த அன்றே ஒருவர் எழுதினார். ஒரு குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டியை நிரப்பும் மோட்டார் அவருடைய நிரலில் ஓடுகிறது. அளவுமானி அவ்வப்போது வெற்றாக அனுப்பும், அதைப் பூஜ்யமென்று எடுத்துத்தான் மோட்டார் ஓடும், நிரல் நின்றால் அத்தனை வீட்டுக்கும் தண்ணீர் இல்லை என்கிறார். இப்படி இன்னும் எத்தனை பேரோ. மாற்றினால் யார் தலையில் விடியும் என்று தெரியாது. மாற்றாவிட்டாலும் தெரியாது. பிழை சொல்லி நிற்கும் புதிய கட்டளை ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பழையதை வைத்து எழுதியவர்கள் பழையதிலேயே இருக்கிறார்கள். அவர்கள் யார், எந்த ஊர் என்றுகூட நமக்குத் தெரியாதே.

பழைய கட்டளையின் பொருளை மாற்ற நம் இருவர் ஒப்புதலும் வேண்டும் என்று விதி எழுதியது நாமேதான். கூட வேலை பார்க்கும் கையேட்டுக்காரர், “ஏழு மாசமா ஆளே இல்ல. தம்பி பேரை எடுத்துட்டு நீங்களே முடிவு பண்ணுங்க” என்கிறார். அதற்கு நான் எழுத வேண்டியது ஒரே வரி: இவர் இனி நம்முடன் இல்லை. எழுத உட்கார்ந்தேன். கை ஓடவில்லை.

சின்னவனே, இதையும் கேட்டுக்கொள். பூஜ்யம் என்று சொன்னது நீ. அன்றே அதற்குச் சோதனைகள் எழுதியது நான். எண்ணுக்குப் பதில் சொல் வந்தால் என்ன ஆகும் என்று பார்க்க, ‘அதிகம்’ என்று கொடுத்தேன். பூஜ்யம் வந்தது. அதிகம் என்றதற்குப் பூஜ்யமா என்று உறுத்தத்தான் செய்தது. மறுபடி உன்னிடம் வந்தால் இன்னொரு மூன்று வாரம் பேச மாட்டாயோ என்று, ‘விடை சரி’ என்று குறித்து மூடிவிட்டேன். இன்றும் அது கோப்பில் என் பெயரில்தான் இருக்கிறது. உன்னிடம் சொல்லவே இல்லை. நிலையத்தில் சொல்ல வந்தது அதைத்தான். சொல்லியிருந்தால் நீ வண்டி ஏறியிருக்க மாட்டாயோ என்னவோ.

வரும் வியாழன் காலை வண்டியில் வருகிறேன். ஒப்புதல் கேட்க இல்லை. வீட்டுக்காரர் வாசல் திறந்து மாடிக்கு விடுவதாகச் சொல்லியிருக்கிறார். உன் கதவைத் திறக்க மனமில்லை என்றால் திறக்க வேண்டாம். நான் படியில் உட்கார்ந்திருப்பேன். உள்ளிருந்து ஓர் இருமல் கேட்டால்கூடப் போதும், அதை வைத்து அம்மாவிடம் ஏதாவது சொல்லிக்கொள்வேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அக்கா