ஆமென் சொல்லும்வரை ஆக்ஸிலேட்டரைத் தொடாதே

இன்று காலை கார் கதவைத் திறந்ததும் உங்கள் வாசம்தான் முதலில் வந்தது. தேங்காயெண்ணெயும் பெட்ரோலும் கலந்த வாசம். நீங்கள் கர்த்தரிடம் போனதிலிருந்து வண்டியை யாரும் எடுக்கவில்லை. சென்னையிலிருந்து வந்திருக்கும் நம் மகன், "சும்மா எதுக்கும்மா நிக்கணும், வித்துருவோம்" என்கிறான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. சர்ச்சுக்கு இன்று நானே ஓட்டுகிறேன், கிளம்பாவிட்டால் விற்றுக்கொள் என்று சொல்லிவிட்டேன்.

ஷெட் கதவை அகலத் திறந்தேன். "புகைய உள்ள அடைச்சு வைக்கக் கூடாதுட்டி" என்பீர்களே. உட்கார்ந்ததும் சீவலப்பேரி ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். மகன் ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

அங்கே உங்கள் தங்கை வீட்டில் ஒரு ராத்திரி தங்கிவிட்டுக் காலையில் புறப்பட்டோம். வழக்கம்போல வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு ஜெபத்தை ஆரம்பித்தீர்கள். "ராத்திரி பூரா கீழ எறங்கிக் கெடந்த ஆயில் மேல ஏறணும்லா. ஆமென் சொல்லுத வரைக்கும் ஆக்ஸிலேட்டரத் தொடக்கூடாது." அது உங்கள் சட்டம். கை பிரேக்கை இழுக்க மட்டும் மறந்துவிட்டீர்கள். இருவரும் கண்ணை மூடியிருக்க, சொந்தக்காரர் ஒவ்வொருவருக்காகவும் நீங்கள் மன்றாடி முடிப்பதற்குள், வண்டி சரிவில் பைய உருண்டு வயலுக்குள் இறங்கிவிட்டது. கண்ணைத் திறந்தால் முன்சக்கரம் சேற்றில். நடவு நட்டுக்கொண்டிருந்த அக்கா ஒருத்தி நிமிர்ந்து, "என்ன சார்வாள், நீங்களும் நாத்து நட வந்தியளா?" என்றாள். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. நீங்கள் மத்தியானம் வரை முகத்தைத் தூக்கி வைத்திருந்தீர்கள்.

அதன்பிறகு ஜெபம் சுருங்கியது. "அரை நிமிஷம் போதும்ட்டி, அப்புறம் வெரட்டாம ஓட்டினா எஞ்சின் தானா சூடாயிரும்" என்று, ஏதோ நீங்களே கண்டுபிடித்ததுபோலச் சொன்னீர்கள். இன்னொரு சட்டமும் வந்தது. "நீ கண்ண மூடிக்கோ. நான் தொறந்திருக்கேன்."

இன்று கை பிரேக்கை இழுத்தேன். கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தேன். கிளட்சை மிதித்துச் சாவியைத் திருப்பினால், வண்டி முனகிவிட்டு நின்றது. மகன் உதட்டைப் பிதுக்கினான். மக்கர் பண்ணினால் சாவியைத் திருப்பியே வைத்திருக்காதே, விட்டுப் பிடி என்பீர்கள். விட்டேன். கொஞ்சம் பொறுத்து மறுபடி திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஜெபத்துக்காகத் தலை குனிந்த மகன், தயங்கி என்னைப் பார்த்தான்.

"நீ கண்ண மூடிக்கோலே," என்றேன். "நான் தொறந்திருக்கேன்."