காதைத் தொட்ட கை

12.8.2003, செவ்வாய்

சேவூரில் தறி நெய்யும் சரோஜாவோடு இன்று ஸ்டேஷனுக்குப் போனேன். மில் வேலை என்று ஒரு தரகர் அழைத்துப்போன அவள் மகள் மல்லிகாவைப் பற்றி இரண்டு மாதமாகத் தகவல் இல்லை.

"பதினேழுதாங்க ஆவுது," என்று சரோஜா அழுதாள்.

"பள்ளிக்கூட சர்டிபிகேட்ல பதினெட்டு முடிஞ்சிட்டுதேம்மா. இஷ்டப்பட்டு போன பொண்ணுன்னு சொல்லிடுவாங்க. நான் இன்னா பண்றது?" என்றார் எஸ்.ஐ.

அந்த வயதை எழுதிய டீச்சர் நான்தான்.

அன்று மல்லிகாவுக்கு நாலு வயது. எண்ணெய் வழியும் தலைக்கு மேலே கையை வளைத்து மறுபக்கக் காதைத் தொட்டால்தான் ஒன்றாம் வகுப்பு. நாக்கைக் கடித்துக்கொண்டு எக்கினாள். அவள் ஆசையைப் பார்த்து, தலையைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தேன். ஐந்து என்று எழுதினேன்.

"தொட்டுட்டேன் டீச்சர்!" என்று குதித்தாள்.

நாளைக்கு ஸ்டேஷனில் நானே எழுதிக் கொடுக்கவேண்டும், அவள் தொடவில்லை என்று.