கடலில் விட்ட தாள்கள்

2019 மே 12, ஞாயிறு

இன்றிலிருந்து நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். எனக்கு வெட்கமானதையும்.

என் அக்கா கமீலா ராத்தா குசினி மேசையில் அச்செடுக்கும் லினோத் தகட்டைச் செதுக்கி முடித்துவிட்டா. பூட்டிய கதவு ஒன்று. அதன்மேல் 'அர்-ரஹ்மான்' என்று அரபில், கீழே அதே பெயர் தமிழிலும் சிங்களத்திலும். அவ படிக்கிற கம்பஸின் ஓவியக் கண்காட்சிக்கு. மை உருட்டி, தாளை வைத்து, கரண்டி முதுகால் தேய்த்துத் தேய்த்து எடுத்தா. பதினாறு தாள் பழுது, ஐந்துதான் நல்லது. நல்லதில் மட்டும் பென்சிலால் கையெழுத்து வைத்தா.

"பழுதை எறியவோ?" என்றேன்.

"அல்லாஹ்ட பேர் இருக்கு. குப்பையிலை போடேலாது," என்றா உம்மா. "கல்லைக் கட்டிக் கடல்லை விடு மகள்."

மே 13

பழுதான தாள்களைப் பண்ணைக் கடலில், சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கமே விட்டேன். அதற்குமுன் எல்லாவற்றிலும் ராத்தாவின் கையெழுத்தை அவ வைப்பதுபோலவே வைத்தேன். பெயரில்லாமல் மூழ்குவது பாவமாக இருந்தது.

மே 15

போன மாதம் தேவாலயங்களில் குண்டு வெடித்ததிலிருந்து றெபேக்கா வகுப்பில் என் பக்கத்தில் இருப்பதில்லை. இன்று முன்வாங்கிலிருந்து திரும்பி, "அப்பான்ரை வலையிலை மீனில்லையடி, அரபுப் பேப்பர்தானாம்!" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு மெதுவாக, "அம்மா பயந்திட்டா. அப்பா நேவியிட்டைக் குடுத்திட்டார்."

கயிறு அவிழ்ந்ததா? நான் சரியாகக் கட்டவில்லையா?

மே 16

வீட்டில் சொல்லவில்லை. நாளைக்கு — கட்டாயம்.

மே 17, வெள்ளி

பொலிஸ் ஜீப் முந்திவிட்டது. கையெழுத்திலிருந்த பெயரைப் பிடித்து வந்திருக்கிறார்கள்.

பொலிஸில் பெரியவர் தாளை விரித்தார். எண்ணெய் மை, ஓரெழுத்துக்கூடக் கரையவில்லை. பென்சிலும்தான். சிங்களத்தை அவரே வாசித்தார். அரபைக் காட்டி, "இது என்ன உத்தரவு?" என்றார்.

"இறைவன்ரை பேர் சேர். மூண்டிலையும் ஒண்டுதான்," என்றா ராத்தா.

"அப்ப ஏன் கடல்ல ஒளிச்சது? இது உங்கட கையெழுத்தா?"

ராத்தா தாளை நெடுநேரம் பார்த்தா. பிறகு என்னை.

"ஓம். என்ரைதான்."

நான் வாய் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை? தகட்டையும் நல்ல ஐந்து தாளையும் ராத்தாவையும் கொண்டுபோனார்கள்.

மே 19, ஞாயிறு

ராத்தா இன்னும் வரவில்லை. நோன்பு திறந்ததும் வாப்பாவிடம் சொல்லிவிட்டேன். "நாளைக்குப் பொலிசுக்கு நானும் வாறன். கையெழுத்து நான்தான் எழுதினதெண்டு சொல்லுறன்."

வாப்பா பேரீச்சம்பழத்தைக் கடிக்காமலே வைத்துவிட்டார். "ஒண்டு உள்ளை. மற்றதையும் குடுக்கவோ? நீ ஒண்டும் எழுதேல்லை. விளங்குதோ மகள்?"

உம்மா கதிரையில் ஏறி, சுவரிலிருந்த குர்ஆன் ஆயத்துப் படங்களைக் கழற்றுகிறா. அவை இருந்த இடமெல்லாம் வெள்ளையாகத் தெரிகிறது.

வாசல் படலையடியில் ஏதோ வாகனம் வந்து நிற்கிற சத்தம். உம்மா லைற்றுகளை நூர்த்து இருட்டாக்கிவிட்டா.