பதினோரு நிமிடம் கவுன்ட்டரை விட்டு எழுந்தது குறித்து

அனுப்புநர்:
இ. சங்கரேஸ்வரி, பி.காம்.,
மூத்த இளநிலை எழுத்தர்,
புறநோயாளிகள் பதிவு கவுன்ட்டர்.
(வீடு: தாராவி, மும்பை)

பெறுநர்:
திரு. வைத்தீஸ்வரன் அவர்கள்,
நிர்வாக அதிகாரி,
லோகோபகாரி அறக்கட்டளை மருத்துவமனை,
மாட்டுங்கா, மும்பை.

பொருள்: எனக்கு வழங்கிய மெமோவை ரத்து செய்யவும், பதினேழு ஆண்டுகளாக வழங்காத பதவி உயர்வை வழங்கவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

புகாரை எந்த மொழியிலும் எழுதலாம் என்று லிஃப்ட் அருகே அறிவிப்பு உள்ளது. என் ஆங்கிலம் போதாதென்று தாங்களே நேர்காணலில் குறித்திருப்பதால், நம் இருவருக்கும் தெரிந்த தமிழில் எழுதுகிறேன்.

1. 2007இல் இளநிலை எழுத்தராகச் சேர்ந்தேன். 2012இல் பதவி உயர்வு கேட்டேன். பட்டம் இல்லை என்றீர்கள். அஞ்சல் வழியில் பி.காம். முடித்தேன். பிறகு கணினிப் பயிற்சி இல்லை என்றீர்கள். அதையும் முடித்தேன். 2021இல் வேறு குறை கிடைக்காததால், "நீங்க இல்லேன்னா கவுன்ட்டரே ஓடாதும்மா, உங்களை எப்படி எடுக்கறது?" என்றீர்கள். வேலை தெரியாமல் இருந்திருந்தால் எப்போதோ மேற்பார்வையாளர் ஆகியிருப்பேன் என்று அன்றுதான் புரிந்தது.

2. ஆறுதலாக 'மூத்த இளநிலை எழுத்தர்' என்ற பதவியை உருவாக்கித் தந்தீர்கள். சம்பளமும் நாற்காலியும் பழையவையே.

3. சென்ற ஆண்டு பதிவேடுகள் மேற்பார்வையாளராக, மேலாண்மை படித்த இருபத்தாறு வயது செல்வி மானசாவை நியமித்தீர்கள். அவருக்கு வேலை கற்றுத்தரும் பொறுப்பை எனக்கு அளித்தீர்கள்.

4. இரட்டைப் பதிவுகளை ஒழிக்கும்படி தாங்கள் விடுத்த சுற்றறிக்கைப்படி, பெயரும் வயதும் ஒன்றாயிருந்த, அப்ரார் என்ற இரு நோயாளிகளின் கோப்புகளை மானசா ஒன்றாக்கினார். ஒருவர் தாராவி, மற்றவர் வடாலா. வடாலாக்காரருக்குப் பென்சிலின் ஒவ்வாது என்ற சிவப்புக் குறி அதில் அழிந்துபோனது.

ஆகஸ்ட் 12 அன்று காலில் புண்ணோடு, காய்ச்சலில் பாதி நினைவோடு வந்தவர் அந்த வடாலாக்காரர். சீட்டுக் கொடுத்து அனுப்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது: நான்கு ஆண்டுகளுக்கு முன் பென்சிலினால் முகம் வீங்கி என் கவுன்ட்டர் முன்னால் விழுந்தவர் இவர். ஊசி அறையில் தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை. இரண்டு மாடி ஓடினேன். நர்ஸ் கையில் பென்சிலின் ஊசி தயாராக இருந்தது. "ருக்கோ சிஸ்டர், ருக்கோ!" என்று நிறுத்தச் சொல்லி இந்தியில் கத்தினேன். மருத்துவமனையில் உரத்துப் பேசக்கூடாது என்ற விதியையும் மீறினேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

5. மறுநாள் இரண்டு உத்தரவுகள் வந்தன. நோயாளியைக் காத்ததற்காகப் பதிவேட்டுத் துறைக்குப் பாராட்டுச் சான்றிதழ். அனுமதியின்றிப் பதினோரு நிமிடம் கவுன்ட்டரை விட்டகன்று இருபத்து மூன்று பேரைக் காக்க வைத்ததற்காக எனக்கு மெமோ. மெமோவில் என் பெயர் பிழையின்றி இருந்தது. சான்றிதழில் பெயரே இல்லை.

6. சான்றிதழைப் பெற்ற மானசா அன்று மாலையே என்னிடம் வந்து அழுதார். "அக்கா, தப்பு என்னோடது. இந்த சூப்பர்வைசர் போஸ்ட்டும் உங்களோடதுதான். எழுதியே தரேன்" என்றார். எழுதியும் தந்தார், இணைத்துள்ளேன். இம்மருத்துவமனையில் என் பதவி உயர்வுக்குப் பரிந்துரைத்த முதல் மேலதிகாரி அவர்தான்.

ஆகவே, மெமோவை ரத்து செய்து பதவி உயர்வு ஆணை வழங்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். இயலாதெனில், சான்பாடாவில் ஒரு மருத்துவமனை என்னை மேற்பார்வையாளராக எடுத்துக்கொள்ளத் தயாராக உள்ளது. அனுபவச் சான்றிதழ் மட்டும் கேட்கிறார்கள். பதவி உயர்வு ஆணை, அனுபவச் சான்றிதழ் என இரண்டு தாள்களையும் தட்டச்சு செய்து இணைத்திருக்கிறேன். தங்களுக்குச் சிரமம் வேண்டாம். வெள்ளிக்கிழமைக்குள் ஏதேனும் ஒன்றில் கையெழுத்திட்டால் போதும்.

தங்கள் பேனாவை நம்பியிருக்கும்,
(ஒப்பம்)
இ. சங்கரேஸ்வரி

இடம்: மாட்டுங்கா
நாள்: 20.08.2024